உலோகக் கண்ணாடியின் உள்ளமைப்பை மீயொலி சொல்லுமா? வேலூர்ப் பக்கம் அளந்தவர்கள் வாருங்கள்

காட்பாடி மாணவி | செவ்வாய், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு ஜிர்கோனியம், தாமிரம், அலுமினியம், நிக்கல் கலந்த உலோகக் கண்ணாடித் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. 3 மில்லிமீட்டர் விட்டத்தில் கம்பி மாதிரி வார்த்தது. எக்ஸ்-கதிர் எடுத்தாயிற்று. படிகத்துக்கு வருகிற கூரான முகடு ஒன்றுகூட இல்லை. 38 டிகிரியை ஒட்டி அகலமாக ஒரு மேடு, அவ்வளவுதான். அதை வைத்து "படிகம் இல்லை" என்று எழுதலாம், அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை.

வழிகாட்டி, மீயொலி வேகத்தை அளந்து பார் என்கிறார். எனக்கு ஒரு இடத்தில் இடிக்கிறது. 5 மெகாஹெர்ட்ஸ் குறுக்கலைக்கு (அலை போகும் திசைக்குக் குறுக்கே அணுக்கள் ஆடுவது) இந்த மாதிரிப் பொருளில் அலைநீளம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே இருப்பது 0.3 நானோமீட்டர். பத்து லட்சம் மடங்குக்கும் மேல் பெரிய அலை அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தை எப்படிச் சொல்லும்? தெரிந்தவர்கள் விளக்குங்கள். இந்தப் பக்கம் அளந்து தரக்கூடியவர்கள் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.

கோட்டை வாசல் | செவ்வாய், இரவு 9:50

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. உள்ளமைப்பு வேண்டுமென்றால் எக்ஸ்-கதிர், நியூட்ரான், எலக்ட்ரான் நுண்ணோக்கி. எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கிறது என்று தெரிய ஆர்க்கிமிடிஸ் முறையில் அடர்த்தி. மீயொலி ஒரு பொறியாளரின் கருவி. பொருள் எவ்வளவு விறைப்பு, உள்ளே விரிசல் இருக்கிறதா, இதைச் சொல்லும். அதை வைத்து அணு அமைப்பு பேசினால் வைவாவில் கேள்வி வரும்.

பாலாற்றங்கரை | புதன், காலை 6:05

அம்மா, உங்கள் கணக்கு சரி. அந்த அலையால் ஒரு அணுவைத் தனியாகப் பார்க்க முடியாது. சி.எம்.சி.யில் எடுக்கிற ஸ்கேன் மாதிரி உருவம் வராது. இங்கே அலை செய்கிற வேலை வேறு. கோடானுகோடி அணுக்களை ஒரே நேரத்தில் லேசாகத் தள்ளிப் பார்க்கிறது. எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்பது வேகமாக நம் கைக்கு வருகிறது.

வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் குணகம் கிடைத்துவிடும். குறுக்கலையை எடுத்தால் விறைப்புக் குணகம், அதாவது பக்கவாட்டில் தள்ளுவதற்கு வரும் எதிர்ப்பு. நெட்டலையையும் (அலை போகும் திசையிலேயே ஆடுவது) சேர்த்துக்கொண்டால் பருமக் குணகம் (எல்லாப் பக்கமும் அமுக்குவதற்கு எதிர்ப்பு), யங் குணகம் (நீளவாக்கில் இழுப்பதற்கு எதிர்ப்பு), பாய்சான் விகிதம் (நீளவாக்கில் இழுத்தால் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்குகிறது) மூன்றும் வந்துவிடும். அமெரிக்காவில் கால்டெக் கல்வி நிறுவனத்தில் பெக்கரும் ஜான்சனும் 1993-இல் அறிவித்த ஜிர்கோனியம், டைட்டானியம், தாமிரம், நிக்கல், பெரிலியம் கலந்த கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். நெட்டலை நொடிக்கு சுமார் 5170 மீட்டர், குறுக்கலை சுமார் 2470 மீட்டர், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.1 கிராம். போட்டுப் பாருங்கள்: விறைப்புக் குணகம் 37 கிகாபாஸ்கல், பருமக் குணகம் 114-ஐ ஒட்டி, பாய்சான் விகிதம் 0.35.

இதில் உள்ளமைப்பு எங்கே வருகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. படிகத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரே மாதிரி அக்கம்பக்கம். பக்கவாட்டில் தள்ளினால் எல்லாம் ஒரே கணக்கில் நகரும். கண்ணாடியில் எந்த இரண்டு அணுவுக்கும் சுற்றுப்புறம் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று நெருக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்றுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் இடம் இருக்கும். தள்ளியதும் இடம் கிடைத்த அணு கணக்குக்கு மேல் நழுவும். அந்தக் கூடுதல் நழுவல் அத்தனையும் சேர்ந்து விறைப்பைக் குறைக்கிறது. அதே கலவையைச் சூடாக்கிப் படிகமாக்கினால் விறைப்புக் குணகம் 30 சதவீதத்தை ஒட்டி ஏறுகிறது. பருமக் குணகத்தில் 10 சதவீதம்கூட ஏறுவதில்லை. எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கும்போது நழுவ வாய்ப்பு குறைவு, அதனால் அதற்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

1972-இல் கோல்டிங், பாக்லி, ஷூ மூவரும் பலேடியம்-சிலிக்கான்-தாமிரக் கண்ணாடியில் இதைத்தான் காட்டினார்கள். குறுக்கலை மட்டும் தனியாகத் தளர்ந்திருந்தது. ஆகவே நெட்டலை வேகத்தை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய செய்தி குறுக்கலையில்தான் இருக்கிறது.

வாலாஜா ரோடு | புதன், காலை 7:30

நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். உலோகம் எப்படிக் கண்ணாடி ஆகிறது என்று ஒரு பத்தி எழுதினால் என் மாதிரி ஆட்களுக்கும் புரியும். கண்ணாடி என்றால் வெளிச்சம் ஊடுருவ வேண்டாமா?

ஆம்பூர்க்காரன் | புதன், காலை 8:15

ஊர் ஆம்பூர், இப்போது ஜப்பானில் சென்டாயில் இருக்கிறேன், இந்தத் துறையில்தான் வேலை. ஆசிரியர் ஐயாவுக்கு: வெளிச்சம் ஊடுருவாது, பார்க்க மெருகேற்றிய எஃகு மாதிரியே இருக்கும். உருகிய திரவத்தில் அணுக்கள் எப்படிக் கலைந்து கிடந்தனவோ அப்படியே உறைந்துபோன திண்மத்துக்குக் கண்ணாடி என்று பெயர். உலோக அணுக்கள் சட்டென்று வரிசையில் அமர்ந்துவிடும். அதற்கு நேரம் கொடுக்காமல் குளிர வைக்க வேண்டும். 1960-இல் கால்டெக்கில் கிளெமென்ட், வில்லன்ஸ், டுவெஸ் மூவரும் தங்கமும் சிலிக்கானும் கலந்த உருகலை வைத்து முதன்முதலில் செய்தார்கள். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவில் குளிர வைத்ததால் மெல்லிய செதில் மட்டும்தான் கிடைத்தது. அதில் மீயொலி அளப்பது பெரும்பாடு. பிறகு தோஹோகு பல்கலைக்கழகத்தில் இனோவே குழுவும் கால்டெக்கில் ஜான்சன் குழுவும் அளவில் வேறுபட்ட பல அணுக்களைக் கலந்து, நிதானமாகக் குளிர்ந்தாலும் கண்ணாடியாகவே நிற்கிற கலவைகளைக் கொண்டுவந்தார்கள். மில்லிமீட்டர், சென்டிமீட்டர் கனத்தில் வார்க்க முடிந்தது. தங்கச்சி கையில் இருக்கும் துண்டு அந்த வழியில் வந்ததுதான்.

வகுப்பில் காட்ட ஒன்று வேண்டுமென்றால் துணிக்கடைத் திருட்டுத் தடுப்பு லேபிளைப் பாருங்கள். அதில் ஒரு வகை 58 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும். உள்ளே இருப்பது உலோகக் கண்ணாடி நாடா, சுமார் 38 மில்லிமீட்டர் நீளம். வாசலில் நிற்கும் கம்பம் காந்தப்புலத்தால் அதைத் தட்டுகிறது, நாடா நீளவாக்கில் அதிர்ந்து பதில் சொல்கிறது. நீளத்தை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கினால் நொடிக்கு 4400 மீட்டர் வரும். நாடாவில் ஒலி ஓடும் வேகம் அது. பக்கத்தில் வைத்திருக்கும் காந்தத் தகட்டை மாற்றினால் யங் குணகமும் கொஞ்சம் மாறும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கோட்டை வாசல் | புதன், மதியம் 1:40

பாலாற்றங்கரை சார் சொன்ன 30 சதவீதம் முழுக்கப் படிகமானால்தானே? மாணவியிடம் இருப்பது கண்ணாடி மட்டும். கண்ணாடிக்குள்ளேயே அமைப்பு மாறுவதை மீயொலி காட்டுமா? அடர்த்தி அளப்பது சுலபம், செலவும் கிடையாது. தளர்வு குறைந்தால் அடர்த்தி ஏறும், அதை அளந்தால் போயிற்று.

பாலாற்றங்கரை | புதன், மாலை 5:20

அடர்த்தி அவசியம் அளக்க வேண்டும், அது இல்லாமல் குணகமே வராது. ஆனால் மாற்றத்தைப் பிடிக்க அது மந்தமான கருவி. கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு (கண்ணாடி இளகத் தொடங்கும் வெப்பநிலை) கீழே சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால் அடர்த்தி ஏறுவது 0.1, 0.2 சதவீதம் என்ற அளவில்தான். அதே பதப்படுத்தலில் விறைப்புக் குணகம் சில சதவீதம் ஏறும். படியில் அரிசி அளக்கும்போது லேசாகத் தட்டினால் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கையை உள்ளே விட்டால் இறுகியிருப்பது உடனே தெரியும். அப்படித்தான் இதுவும்.

துண்டு வார்க்கும்போது எவ்வளவு வேகமாகக் குளிர்ந்ததோ அவ்வளவு தளர்வு உள்ளே மிச்சம் இருக்கும். ஒரே கலவையை மெல்லிய தகடாகவும் தடித்த கம்பியாகவும் வார்த்தால் இரண்டிலும் எக்ஸ்-கதிர் ஒரே மேட்டைத்தான் காட்டும். குறுக்கலை வேகம் தகட்டில் குறைவாக இருக்கும். எக்ஸ்-கதிர் சராசரித் தூரத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது, அந்தத் தூரத்தில் எவ்வளவு நழுவல் இருக்கிறது என்பதைச் சொல்வது ஒலி.

மாணவிக்கு என் யோசனை: ஒரே துண்டை எடுங்கள். முதலில் அப்படியே அளங்கள். பிறகு நிலைமாற்ற வெப்பநிலைக்கு 50 டிகிரி கீழே சில மணி நேரம் பதப்படுத்தி மறுபடி அளங்கள். குவார்ட்ஸ் குழாயில் வெற்றிடமாக்கி மூடிச் சூடாக்குங்கள், ஜிர்கோனியம் ஆக்சிஜனை விடாது.

ராணிப்பேட்டை யூ.டி. | புதன், இரவு 10:25

நான் வெல்டிங் டெஸ்டிங் ஆள். பெல் ஆலைக்கு வேலை செய்து தரும் யூனிட்டுகளில் தினமும் யூ.டி. (மீயொலிச் சோதனை) பார்க்கிறேன். அணு விஷயம் சாரிடம் கேளுங்கள். புரோப் (அலையை அனுப்பி வாங்கும் முனை), எக்கோ, டைமிங் விஷயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள், அங்கேதான் நிறைய பேருக்கு ரிசல்ட் கெட்டுப்போகிறது.

முதலில் வெட்டுவது. கிரைண்டரில் வைத்து அறுக்கவே கூடாது. சூட்டில் ஓரம் படிகமாகிவிடும், ஜிர்கோனியம் தூள் தீப்பிடிக்கவும் செய்யும். மெதுவாகச் சுற்றும் வைரச் சில்லில், குளிர்நீர் விட்டுக்கொண்டே அறுங்கள். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக, கண்ணாடி மாதிரி மெருகேற வேண்டும். முகம் சாய்ந்திருந்தால் இரண்டாவது எக்கோவே படுத்துவிடும்.

கனத்தை அளப்பதில் கவனம். 2 மில்லிமீட்டர் துண்டில் மைக்ரோமீட்டர் 10 மைக்ரான் தப்பினால் வேகத்தில் அரை சதவீதம், குணகத்தில் ஒரு சதவீதம் போச்சு. சார் சொல்கிற மாற்றமே சில சதவீதம்தான்.

அடுத்தது நேரம். அந்தக் கனத்தில் குறுக்கலை போய்த் திரும்ப 1.6 மைக்ரோ நொடி. நெட்டலை 0.8-க்கும் உள்ளே. 5 மெகாஹெர்ட்ஸ் புரோபில் ஒரு சுற்றே 0.2 மைக்ரோ நொடி, பல்ஸுக்கு மூன்று சுற்று வந்தால் எக்கோக்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நெருங்கிவிடும். 10 அல்லது 20 மெகாஹெர்ட்ஸ் புரோப் கிடைத்தால் நல்லது. முதல் பேக்-வால் எக்கோவுக்கும் (துண்டின் பின்முகத்தில் பட்டுத் திரும்புவது) இரண்டாவதுக்கும் நடுவே இருக்கும் நேரத்தை எடுங்கள். அப்படி எடுத்தால் புரோபுக்குள் ஆகிற தாமதம், கப்ளன்ட் (புரோபுக்கும் துண்டுக்கும் நடுவே தடவுவது) படலத்தில் ஆகிற தாமதத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஸ்க்ரீனில் கண்ணால் படிக்காமல் ஆசிலோஸ்கோப்பில் எடுத்து ஒரு எக்கோவை இன்னொன்றின் மேல் நகர்த்திப் பொருத்துங்கள். ஒரு சதவீதக் குணக மாற்றம் என்றால் நேரத்தில் 8 நானோ நொடி. ஸ்கோப் நல்லதாக இருந்தால் பிடிக்கலாம்.

இப்போது குறுக்கலை. நாங்கள் வெல்டிங்குக்குப் போடுகிற 45, 60, 70 டிகிரி ஆங்கிள் புரோப் எல்லாமே எஃகுக்குள் குறுக்கலைதான் அனுப்புகிறது. ஆனால் அது நெட்டலையாகக் கிளம்பி, பெர்ஸ்பெக்ஸ் ஆப்பு வழியாகப் போய், எஃகில் நுழையும்போது மாறுகிறது. உங்கள் 3 மில்லிமீட்டர் துண்டுக்கு அது ஆகாது. நேராக நிற்கும் குறுக்கலை புரோப் வேண்டும். அதற்கு எண்ணெய், ஜெல், கிரீஸ் எதுவும் சரிப்படாது. சாதாரண நீர்மம் குறுக்கலையைக் கடத்தாது. கெட்டியான தேன் வேண்டும். எங்களிடம் ஜவ்வாதுமலைத் தேன் ஒரு பாட்டில் அதற்கென்றே இருக்கிறது. ஒரு சொட்டு வைத்து, புரோபை அழுத்தி, படலம் மெலியும் வரை அப்படியே பிடித்திருந்தால் எக்கோ மெல்ல மெல்ல எழுந்து நிற்கும்.

இந்த ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை. கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் தேன் இளகிவிடும், சிக்னல் விழுந்துவிடும். பொருளின் வேகமும் வெப்பநிலை ஏற ஏறக் குறையும். காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு எடுத்துவிட்டு மாற்றம் வந்தது என்று எழுதிவிடக் கூடாது. ஏ.சி. அறையில், ஒரே வெப்பநிலையில், துண்டும் புரோபும் அறையோடு சமமாகும் வரை காத்திருந்து எடுங்கள்.

காட்பாடி மாணவி | வியாழன், காலை 7:10

அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. எங்கள் துறையில் கனமானி (மீயொலியால் கனம் அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது, எஃகு வேகத்தில் செட் செய்தது. அதை வைத்து நெட்டலையை மட்டுமாவது முதலில் பார்க்கலாமா?

ராணிப்பேட்டை யூ.டி. | வியாழன், காலை 7:45

தாராளமாக. எஃகுக்கு 5920 போட்டிருக்கும். சார் சொன்ன 5170 உள்ள துண்டு 2 மில்லிமீட்டர் இருந்தால் அது 2.29 என்று காட்டும். மைக்ரோமீட்டரில் அளந்த உண்மைக் கனம் வரும் வரை வேக எண்ணை இறக்கிக்கொண்டே வாருங்கள். நிற்கிற எண்தான் உங்கள் நெட்டலை வேகம். தோராயமாகத்தான் வரும், ஆனால் துண்டு நல்லதா என்று தெரிந்துவிடும். வார்ப்பில் காற்றுக்குழி இருந்தால் வேகம் வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக வரும், அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

கோட்டை வாசல் | வியாழன், பகல் 12:30

வேகம் பற்றிய பகுதி எனக்கு ஏற்புடையது. தேய்வு (அலை போகப் போக வலுவிழப்பது) பற்றி யாரும் பேசவில்லையே? வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பெரிய மணிகள் (உலோகத்துக்குள் இருக்கும் படிகத் துண்டுகள்) இருந்தால் ஸ்க்ரீன் முழுக்கப் புல் முளைத்த மாதிரி இரைச்சல் வரும். உலோகக் கண்ணாடியில் மணிகளே கிடையாது, அடிக்கோடு சுத்தமாக இருக்க வேண்டும். அப்படியானால் உள்ளே சின்னச் சின்னப் படிகங்கள் முளைத்திருந்தால் தேய்வு ஏறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் அல்லவா?

பாலாற்றங்கரை | வியாழன், மாலை 6:00

நானோமீட்டர் படிகங்களுக்கு அது நடக்காது. அலைநீளத்தைவிட மணி மிகச் சிறியதாக இருக்கும்போது சிதறல் மணியின் விட்டத்தின் முப்படிக்கும் அதிர்வெண்ணின் நாற்படிக்கும் ஏற்ப மாறும். அரை மில்லிமீட்டர் அலைக்கு முன்னால் 10 நானோமீட்டர் படிகம் சிதறல் கணக்கில் வராது. எஃகில் புல் தெரிவதற்குக் காரணம் மணிகள் நூற்றுக்கணக்கான மைக்ரான் இருப்பது. முளைத்த படிகங்களின் பங்கு கூடும்போது சராசரி விறைப்பு ஏறி, குறுக்கலை வேகத்தில்தான் அது முதலில் தெரியும். அடிக்கோடு சுத்தமாக இருப்பதைப் பார்த்துப் படிகமே இல்லை என்று எழுதிவிட முடியாது.

ஆம்பூர்க்காரன் | வெள்ளி, காலை 5:40

தேய்வு பயன்படும் இடம் வேறு. மிகக் குளிர்ந்த நிலை, 1 கெல்வினுக்கும் கீழே. கண்ணாடியில் சில அணுக்கூட்டங்களுக்கு ஏறத்தாழ ஒரே ஆற்றலில் இரண்டு இருப்பிடங்கள் உண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊடுருவித் தாவும் என்று 1972-இல் ஆண்டர்சன், ஹால்பெரின், வர்மா ஒரு பக்கமும் பிலிப்ஸ் தனியாகவும் சொன்னார்கள். ஒலியின் வேகமும் தேய்வும் அந்த வெப்பநிலையில் நடந்துகொள்ளும் விதம் அதற்கு வலுவான சான்று. உலோகக் கண்ணாடியில் கூடுதலாக, சுற்றித் திரியும் எலக்ட்ரான்கள் அந்தத் தாவலைச் சீக்கிரம் அடக்கிவிடுகின்றன. ஜன்னல் கண்ணாடியில் இல்லாத அம்சம் இது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2005-இல் இசிட்சுபோ குழு செய்தது. பலேடியம் கண்ணாடியை நிலைமாற்ற வெப்பநிலைக்குப் பக்கத்தில் வைத்து, மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான மீயொலியைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மீயொலி இல்லாமல் வைத்த துண்டைவிட இது வெகு சீக்கிரம் படிகமாகியது. பாதியில் நிறுத்தி நுண்ணோக்கியில் பார்த்தபோது படிகம் எல்லா இடத்திலும் சமமாக முளைக்கவில்லை. முளைத்த பகுதிக்கு நடுவே முளைக்காத தீவுகள் நின்றன. இறுக்கமாகப் பிணைந்த பகுதிகள், அவற்றைச் சுற்றித் தளர்வான பகுதிகள் என்று கண்ணாடிக்குள்ளேயே இரண்டு தன்மை இருக்கிறது, தளர்வான இடத்து அணுக்கள் ஒலியோடு சேர்ந்து தாவித் தாவி முதலில் வரிசைக்கு வந்துவிட்டன என்று விளக்கம் சொன்னார்கள். கோட்டை வாசல் சார் முதலில் கேட்டதற்கு இது நேரான பதில். இங்கே ஒலி அளந்ததோடு நிற்கவில்லை, எந்த இடம் தளர்வு என்று அமைப்பையே வெளியே கொண்டுவந்துவிட்டது.

2011-இல் அணுவிசை நுண்ணோக்கியின் முனையை மீயொலியில் அதிர வைத்து, பலேடியம்-தாமிரம்-சிலிக்கான் கண்ணாடியின் மேல் இடம் இடமாக விறைப்பை அளந்தார்கள். 10 நானோமீட்டருக்குள்ளேயே விறைப்பு மாறிக்கொண்டே போனது. படிகத்தில் அந்த ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு.

காட்பாடி மாணவி | வெள்ளி, இரவு 8:30

நெட்டலை எடுத்துவிட்டேன், கனமானி வேகம் அண்ணா சொன்ன எல்லைக்குள் நிற்கிறது. இன்னொரு கேள்வி. பாய்சான் விகிதம் 0.32-க்கு மேல் இருந்தால் உடையாது, கீழே இருந்தால் நொறுங்கும் என்று படித்தேன். அதையும் எழுதலாமா?

பாலாற்றங்கரை | சனி, காலை 6:20

அது லெவண்டாவ்ஸ்கி, வாங், கிரீர் மூவரும் 2005-இல் பல கலவைகளைத் தொகுத்துச் சொன்னது. எல்லை 0.31-க்கும் 0.32-க்கும் நடுவே. மக்னீசியம், இரும்புக் கண்ணாடிகள் பல கீழே விழுகின்றன, நொறுங்குகின்றன. பிளாட்டினம் சார்ந்த ஒன்று 0.42 வரை போகிறது, நன்றாக வளைகிறது. விறைப்பு குறைவாகவும் பருமக் குணகம் அதிகமாகவும் இருந்தால் விரிசல் ஓடுவதற்கு முன்பே அணுக்கள் நழுவி இடம் கொடுக்கின்றன. எழுதுங்கள், ஆனால் சட்டம் மாதிரி எழுதாதீர்கள். ஒரே துண்டைப் பதப்படுத்தினால் பாய்சான் விகிதம் மிகக் கொஞ்சமே இறங்கும், அதற்குள் துண்டு நன்றாகவே நொறுங்க ஆரம்பித்துவிடலாம். வார்ப்பின் தரம், ஆக்சிஜன் கலப்பு எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது.

வாலாஜா ரோடு | சனி, காலை 9:00

பெரிலியம் கலந்த கலவையை யாரும் பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் தேய்க்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். அந்தத் தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். மாணவியின் துண்டில் அது இல்லை, நிம்மதி. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு வேறு யாராவது வாங்கக்கூடும்.

ராணிப்பேட்டை யூ.டி. | சனி, மதியம் 3:15

தங்கச்சி, நாளை ஞாயிறு எங்கள் யூனிட்டில் வேலை இல்லை. 10 மெகாஹெர்ட்ஸ் குறுக்கலை புரோபும் ஸ்கோப்பும் இருக்கிறது, ஏ.சி. அறையும் இருக்கிறது. வழிகாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முத்துக்கடையில் இறங்கி மெசேஜ் போட்டால் ஆள் அனுப்புகிறேன். குறுக்கலை புரோபை ஒரே இடத்தில் வைத்து 90 டிகிரி திருப்பியும் ஒரு அளவு எடுப்போம். கண்ணாடி எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருந்தால் வேகம் மாறக் கூடாது. மாறினால் வார்ப்பில் தங்கிய அழுத்தம் இருக்கிறது என்று பொருள், பதப்படுத்திய பிறகு அது போய்விடுகிறதா என்றும் பார்க்கலாம். 1 மைக்ரான் காட்டும் மைக்ரோமீட்டர் உங்கள் துறையில் இருந்தால் எடுத்து வாருங்கள், என்னிடம் இருப்பது 10 மைக்ரான்தான்.

காட்பாடி மாணவி | சனி, மாலை 4:02

இருக்கிறது அண்ணா, எடுத்து வருகிறோம். பதப்படுத்தாத துண்டு இரண்டும், குவார்ட்ஸ் குழாயில் மூடிப் பதப்படுத்த அனுப்பியதில் திரும்பி வந்த ஒன்றும் கொண்டு வருகிறேன். எண்களை ஞாயிறு இரவு இங்கேயே போடுகிறேன், வெப்பநிலையோடு.